நடுவடுக்குச் சொற்கள்: காரைக்கால் மாணவரும் உயர்நிலை ஆங்கிலமும்

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. மூன்று பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல். இந்தச் சிறிய நிலத்தில் செருமாவிலங்கையில் 1987 முதல் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இயங்குகிறது. 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் திருவேட்டக்குடியில் இருக்கிறது. 2016இலிருந்து ஜிப்மரின் கிளை மருத்துவப் படிப்பை நடத்தி வருகிறது. மூன்று இடத்திலும் பாடம் ஆங்கிலத்தில்தான். 2023இல் புதுச்சேரி அரசு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பத்து சதவீத இடத்தை ஒதுக்கியது. நிரவியிலோ நெடுங்காட்டிலோ தமிழில் பேசி, தமிழில் யோசித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே போனதும் கையில் கிடைக்கும் பாடநூலை அந்தப் பிள்ளையால் படிக்க முடியுமா என்பதுதான் இங்கே என் கேள்வி.

அதே 2023–24 கல்வியாண்டில் இன்னொன்றும் நடந்தது. புதுச்சேரிக்கெனத் தனிப் பாடத்திட்ட வாரியம் எப்போதும் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளத்தினுடையதையும், ஏனாம் ஆந்திரத்தினுடையதையும் பின்பற்றி வந்தன. அந்த ஆண்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளும் பதினொன்றாம் வகுப்பும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறின. மறு ஆண்டு பத்தும் பன்னிரண்டும் மாறின. இந்த மாற்றத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் பாடச்சுமை, ஆசிரியர் பயிற்சி, இந்தி என்ற அளவில் நின்றுவிட்டது. சொல் என்ற பக்கத்தை யாரும் அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை. சிபிஎஸ்இ 2023–24இல் ஒன்பது, பத்தாம் வகுப்புத் தேர்வுகளில் பாதி மதிப்பெண்ணைத் திறன்சார் வினாக்களுக்கு ஒதுக்கியது. திறன்சார் வினா என்றால் ஒரு பத்தியையோ சூழலையோ அட்டவணையையோ கொடுத்து, அதிலிருந்து ஊகித்துச் சொல், நியாயப்படுத்து, மதிப்பிடு, வேறுபடுத்து என்று கேட்பது. பாடம் தெரிந்த பிள்ளையும் ‘இன்ஃபர்’, ‘ஜஸ்டிஃபை’, ‘இவாலுவேட்’ என்ற வினைச்சொற்களில் எது தன்னை என்ன செய்யச் சொல்கிறது என்று புரியாமல் தடுமாறும். விடை தெரிந்தும் மதிப்பெண் போகிற இந்த இழப்பு விடைத்தாளில் ‘பாடம் தெரியவில்லை’ என்றே பதிவாகிறது. அதனாலேயே காரணம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

அமெரிக்கக் கல்வியாளர் இசபெல் பெக்கும் அவருடைய சகாக்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் அடுக்கு அன்றாடச் சொற்கள்: வீடு, ஓடு, தண்ணீர், பெரிய. மூன்றாவது அடுக்கு ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள்: ‘போட்டோசிந்தஸிஸ்’, ‘ஐசோடோப்’. இரண்டுக்கும் நடுவே எல்லாத் துறைக்கும் பொதுவான, எழுத்தில் அடிக்கடி வந்து பேச்சில் அரிதாக வரும் ஓர் அடுக்கு இருக்கிறது. ‘டெரைவ்’, ‘கன்வர்ட்’, ‘சஃபிஷியன்ட்’, ‘ப்ரொபோர்ஷன்’, ‘கான்ட்ராஸ்ட்’, ‘வேர்அஸ்’ முதலியவை அங்கே இருக்கின்றன. நம் பள்ளிகளில் முதல் அடுக்கைத் தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர் கற்றுத்தருகிறார். மூன்றாவது அடுக்கை அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டு, தமிழில் விளக்கி, அடிக்கோடிட்டு மனத்தில் பதிய வைக்கிறார். நடுவடுக்கை யாரும் தொடுவதில்லை. அறிவியல் ஆசிரியர் அது ஆங்கிலப் பாடத்தின் வேலை என்று நினைக்கிறார். ஆங்கில ஆசிரியரோ தம் பாடநூலின் கதைக்கும் கவிதைக்கும் வெளியே போக நேரமில்லாமல் இருக்கிறார். பச்சையத்தின் வேலையை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர், ‘போதிய ஒளி இல்லாதபோது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் வந்தால் அதைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார். நிபந்தனையும் விதிவிலக்கும் அந்தத் தொடரில்தான் இருக்கின்றன.

உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் என்று கேட்டால் நம் ஊர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது வேறு. பள்ளிச் சுவரில் ‘இன்றைய சொல்’ என்று எழுதப்படும் அரிய சொல், போட்டித் தேர்வுக் கையேட்டின் பின்பக்கத்தில் அகரவரிசையில் அச்சான ஆயிரம் சொல், பெற்றோர் பெருமைப்படும் எழுத்துக்கூட்டல் போட்டி ஆகியவைதான். இவற்றில் வரும் சொற்களில் பெரும்பாலானவை ஒரு மாணவர் தன் ஐந்தாண்டுக் கல்லூரி வாழ்வில் ஒருமுறைகூடச் சந்திக்காதவை. சந்திக்காத சொல் மறந்துபோகும். மறந்ததும் தனக்கு மூளை போதவில்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துகொள்ளும். இந்த முறையால் நேரம் வீணாவதைவிட இந்த முடிவால் வரும் கேடு பெரிது என்பது என் உறுதியான கருத்து.

எந்தச் சொல்லை முதலில் கற்பது என்ற கேள்வியை முறையாக எழுப்பியவர்களில் ஒருவர் நம் துணைக்கண்டத்திலேயே வேலை பார்த்தவர். மைக்கேல் வெஸ்ட் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். வங்கப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பைப் பாதியில் நிறுத்துவதைப் பார்த்த அவர், 1926இல் வெளியான இருமொழியம் பற்றிய தம் நூலில் ஒரு வாதத்தை வைத்தார். காப்பீட்டுப் பாலிசியைப் பாதியில் முடித்துக்கொண்டாலும் ஒரு சரண்டர் தொகை கிடைக்கிறது. மொழிப்பாடத்துக்கும் அப்படி ஒரு மதிப்பு வேண்டும். எந்த வகுப்போடு நின்றாலும் அதுவரை கற்றது கைக்கு உதவ வேண்டும் என்றார். வாசிக்கும் திறனே அப்படி உதவும் என்று கருதி, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுத்து, புதுச்சொல்லை அளந்து சேர்க்கும் வாசிப்பு நூல்களை எழுதினார். 1935இல் சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 சொற்களை மட்டுமே வைத்துப் பொருள் எழுதிய அகராதி ஒன்றை எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். 1953இல் வந்த அவருடைய பொதுப்பயன் சொற்பட்டியல் சுமார் 2,000 தலைச்சொற்கள் கொண்டது. உலகெங்கும் ஆங்கிலப் பாடநூல்கள் அதைச் சார்ந்தே நெடுங்காலம் எழுதப்பட்டன.

அந்தப் பட்டியலுக்கு அப்பால் என்ன என்பதற்கு 2000இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் விடை கொடுத்தார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு பிரிவில், 28 பாடங்களிலிருந்து 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்தைத் தொகுத்தார். வெஸ்டின் பட்டியலில் உள்ளவற்றைக் கழித்துவிட்டு, எல்லாப் பிரிவிலும் பரவலாக வரும் சொற்குடும்பங்களை, அதாவது ஒரு சொல்லும் அதன் வழிச்சொற்களும் சேர்ந்த தொகுதிகளை, தேடினார். கிடைத்தவை 570. வெஸ்டின் 2,000 சொற்கள் கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. இந்த 570 குடும்பங்கள் மேலும் பத்தில் ஒரு பங்கு. நான் கேட்ட அறிவுரைகளிலேயே அதிகம் கேட்டது “கதைப்புத்தகம் படி, சொல்வளம் தானாக வரும்” என்பது. காக்ஸ்ஹெட் ஏறக்குறைய அதே அளவு புனைகதைத் தொகுப்பையும் எடுத்துப் பார்த்தார். அதில் இந்த 570 குடும்பங்களின் பங்கு ஒன்றரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கதை வாசிப்பு மொழியின் ஓட்டத்தைத் தரும், மனத்தை விரிக்கும். அதை நான் யாரிடமிருந்தும் பறிக்கச் சொல்லவில்லை. கல்லூரிப் பாடநூலின் மொழி அங்கிருந்து வராது. கட்டுரை, அறிவியல் விளக்கம், செய்தித்தாளின் தலையங்கம், வரலாற்று நூல் இவற்றிலிருந்தே வரும்.

எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. துணையில்லாமல் ஒரு நூலைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷனும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது நேஷனின் 2006 கணக்கு. நானூறு சொல் உள்ள பக்கத்தில் 98 சதவீதம் என்றால் தெரியாத சொல் எட்டு. தொண்ணூறு சதவீதம் மட்டும் தெரிந்தால் நாற்பது. எட்டுச் சொல்லைச் சூழலிலிருந்து ஊகிக்கலாம். நாற்பது தெரியாதபோது ஊகிக்கச் சூழலே மிஞ்சாது. பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை கல்லூரி முதலாண்டில் திடீரென வாயடைத்துப் போவதற்குப் பெரும்பாலும் இந்த நாற்பதுதான் காரணம். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் பேச்சுமொழித் திறனையும் கல்விமொழித் திறனையும் வேறுபடுத்திக் காட்டினார். புதிய மொழியில் சரளமாகப் பேச இரண்டாண்டு போதலாம். அந்த மொழியில் பாடம் படிக்கும் திறன் சக மாணவர் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழாண்டு பிடிக்கும் என்பது அவருடைய ஆய்வில் தெரிந்தது. பதினொன்றாம் வகுப்பில் பாடத்திட்டம் மாறிய பிள்ளைக்கு இரண்டு ஆண்டுதான் கிடைத்தது.

காரைக்காலுக்கென்று ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த இந்த ஊர் 1954 நவம்பர் 1 வரை, நடுவே சில காலம் ஆங்கிலேயர் கைக்குப் போய் வந்தது நீங்கலாக, அவர்களிடமே இருந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் படிப்படியாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் கீழ் போயின. பிரெஞ்சு படித்த தலைமுறை, ஆங்கிலம் படித்த தலைமுறை என்று குடும்பங்களுக்குள்ளேயே ஒரு கோடு விழுந்தது. பிரெஞ்சு பழங்கதையாகவும் பென்ஷன் விவகாரமாகவும் பிரான்சிலிருக்கும் உறவினர் பேச்சாகவும் சுருங்கியது. ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் பயன் மிகப் பெரிது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆட்சி, சட்டம், கல்வி சார்ந்த சொற்கள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வெள்ளமாக வந்தன. பின்னர் அறிஞர்கள் இலத்தீனிலிருந்து நேரடியாகவும் எடுத்தார்கள். ஃபின்கன்ஸ்டெட், வுல்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் ஏறத்தாழ எண்பதாயிரம் ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்தபோது பிரெஞ்சு வழி வந்தவை சுமார் 28 சதவீதம், இலத்தீன் வழி வந்தவை அதே அளவு என்று தெரிந்தது. அன்றாடச் சொற்களில் இந்த விகிதம் குறைவு. மேலே போகப்போகக் கூடும். காக்ஸ்ஹெட்டின் 570 குடும்பங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் கிரேக்க, இலத்தீன் வேர் கொண்டவை. பிரெஞ்சில் பாடம் படித்த காரைக்கால் தாத்தாவுக்கு ‘மெத்தோத்’, ‘ஸ்த்ருக்த்யூர்’, ‘கோன்செகான்ஸ்’, ‘இப்போதேஸ்’, ‘ழுஸ்திஃபியே’ ஆகியவை பள்ளிப்பருவத்துச் சொற்கள். பேத்தி அவற்றையே ‘மெத்தட்’, ‘ஸ்ட்ரக்சர்’, ‘கான்சிக்வன்ஸ்’, ‘ஹைபாதெசிஸ்’, ‘ஜஸ்டிஃபை’ என்று புதிதாக, ஒவ்வொன்றாக, அந்நியமாகக் கற்கிறாள். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் இந்தத் தொடர்பை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

பிரெஞ்சு தெரியாத வீட்டிலும் ஒரு பிடி உண்டு. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஐந்தும் இன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’தான். அந்தப் பெயர்ப்பலகையைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, ‘காமன்’, ‘கம்யூனிட்டி’, ‘கம்யூனிகேட்’ எல்லாம் அதே இலத்தீன் வேரிலிருந்து, பொதுவானது என்ற பொருளிலிருந்து வந்தவை என்று ஒரு தடவை சொன்னால் போதும். எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ புத்தகக்கடை, ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’ நூலகம். ‘அக்துவெல்’ அங்கே தற்போதைய என்று பொருள்படும், ‘ஆக்சுவல்’ இங்கே உண்மையான என்று. இத்தகைய போலி உறவுகள் எண்ணிக்கையில் குறைவு. மெய்யான உறவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைத் தாமாகக் கண்டுகொள்வது அரிது, யாராவது காட்டித்தர வேண்டும்.

பிரெஞ்சைவிடவும் பெரிய திறவுகோல் தமிழ். இதைச் சொன்னால் பல ஆங்கில ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். தமிழ்வழியில் அறிவியல் படித்த பிள்ளைக்குப் பின்தங்கியவர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையின் கையில் ஆங்கிலவழிப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒரு பொருள் இருக்கிறது: திறந்து தெரியும் கலைச்சொல். ‘ஒளிச்சேர்க்கை’ என்ற சொல்லில் ஒளியும் சேர்க்கையும் கண்ணுக்குத் தெரிகின்றன. ‘போட்டோசிந்தஸிஸ்’ என்பதும் அதே இரண்டு துண்டுதான். ‘நீராற்பகுப்பு’ தெரிந்தவருக்கு ‘ஹைட்ரோலிசிஸ்’ இரண்டாகப் பிரிந்துவிடும்: ஹைட்ரோ நீர், லிசிஸ் பகுப்பு. ‘வெப்பமானி’ தெரிந்தவருக்கு ‘தெர்மோமீட்டர்’. பிறகு ‘அனாலிசிஸ்’ வரும்போது அந்த ‘லிசிஸ்’ பழகிய முகமாக நிற்கும். விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லை நீட்டுவது தமிழரின் நாவுக்குப் பிறவிப் பழக்கம். ‘படிக்காதவர்களுக்காக’ என்ற சொல்லைச் சிரமமில்லாமல் பிரித்தறியும் பிள்ளையால் ‘இன்டிபென்டன்ட்லி’யைப் பிரிக்க முடியாதா? முடியும், பிரித்துக் காட்டினால். தமிழ்வழிக் கல்வியின் இந்தச் சொத்தைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

புதுச்சொல்லின் முதல் பொருளை மாணவரின் தாய்மொழியில் ஒரு சொல்லில் கொடுப்பதே வேகமான, நம்பகமான வழி என்று நேஷன் தொடர்ந்து வாதிட்டு வந்திருக்கிறார். ‘ரிலக்டன்ஸ்’ என்பதை ஆங்கிலத்திலேயே மூன்று வாக்கியத்தில் விளக்கினால், அந்த விளக்கத்தில் மேலும் இரண்டு தெரியாத சொல் வரும். ‘தயக்கம்’ என்றால் முடிந்தது. அதற்கு மேல் அந்தச் சொல் ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு சேர்ந்து நடக்கும் என்பதை ஆங்கிலத்திலேயே காட்ட வேண்டும். தமிழ் தடுக்கிவிடும் இடங்களும் உண்டு. ஒன்றைப் ‘பற்றி’ விவாதிப்பது நம் வழக்கு என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதிவிடுகிறோம். நம் ஊரில் ‘ஹோட்டல்’ என்றால் சாப்பாட்டுக்கடை. இவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினால் பிழை குறையும். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற முறை இவற்றை மூடி மறைக்கத்தான் செய்கிறது.

சொல்லைக் குடும்பமாகக் கற்பது என்ற எண்ணமும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. காரைக்காலுக்கு வடக்கே, பதினைந்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர். பின்னால் வந்த இன்னொரு ஜெர்மானியப் பாதிரியார் ஃபப்ரீசியஸ் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சானது. அதை விரித்துத் தரங்கம்பாடியின் லுத்தரன் மிஷன் 1897இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தது. 1910, 1933, 1972 ஆண்டுகளில் மறுபதிப்புகள் வந்தன. அதில் ஒரு சொல்லைத் தேடினால் அதன் வழிச்சொற்களும் தொகைகளும் தொடர்களும் அதன் கீழேயே அணிவகுத்து நிற்கும். ஜெர்மனியிலிருந்து வந்து தமிழ் கற்ற பாதிரிமாருக்கு வேண்டியது அதுதான். கற்பது தமிழானாலும் ஆங்கிலமானாலும் கற்பவரின் தேவை ஒன்றே. ‘சிக்னிஃபை’, ‘சிக்னிஃபிகன்ட்’, ‘சிக்னிஃபிகன்ஸ்’, ‘இன்சிக்னிஃபிகன்ட்’ நான்கும் ஒரே இடத்தில், ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தோடு, எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்ற குறிப்போடு நோட்டில் இருந்தால் ஒரு சொல்லின் உழைப்பில் நான்கு கிடைக்கும். மாணவர்களின் ரஃப் நோட்டில் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம், நடுவில் சமக்குறி என்று தனித்தனியாகக் கிடக்கின்றன.

நினைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், இது ஓரளவு தீர்ந்துபோன விஷயம். உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே, கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிலைக்கிறது என்றும் தம்மேல் தாமே சோதித்துக் காட்டினார். ஒரு சொல் ஏறக்குறையப் பத்துத் தடவையாவது வெவ்வேறு இடத்தில் கண்ணில் பட வேண்டும். 2001இல் பட்யா லாஃபர், யான் ஹுல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். சொல்லை வாசிப்பதைவிட, கோடிட்ட இடத்தில் நிரப்புவதைவிட, அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு பத்தி எழுதியவர்களுக்கே அது அதிகம் நின்றது. தேவை, தேடல், தேர்ந்து பொருத்திப் பார்த்தல் மூன்றும் சேரும்போது சொல் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர்களுடைய கருத்து. நம் பள்ளிகளில் நடக்கும் சொல் தேர்வு இந்த மூன்றையும் கேட்பதில்லை. திங்கட்கிழமை இருபது சொல், வெள்ளிக்கிழமை பரீட்சை, அடுத்த திங்கள் வேறு இருபது. முதல் இருபது திரும்ப வருவதே இல்லை.

570 குடும்பங்கள் என்பது வாரத்துக்கு ஐந்து என்று வைத்தால், ஆண்டுக்கு நாற்பது பள்ளி வாரம் என்ற கணக்கில் மூன்று ஆண்டுக்குள் முடியும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முன்பே கைக்கு வந்துவிடும். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும், அதை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருத்தமான தமிழ்ச்சொல், உறவுள்ள இடத்தில் பிரெஞ்சுச் சொல், அந்த வாரம் அறிவியலிலோ சமூக அறிவியலிலோ வரும் பாடத்திலிருந்து ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர் அந்த ஐந்தையும் தம் வகுப்பில் வேண்டுமென்றே பயன்படுத்த வேண்டும். ஆங்கில ஆசிரியர் அவற்றை வைத்துப் பத்தி எழுதச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கழித்து அவை வினாத்தாளில் திரும்பி வர வேண்டும். தமிழாசிரியரையும் பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியரையும் இந்த வேலையில் சேர்க்க வேண்டும். இந்தியாவில் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் ஒரே ஊரில் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. காரைக்கால் அவற்றில் ஒன்று. பிரெஞ்சில் படித்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்தப் பட்டியலின் பிரெஞ்சுப் பத்தியை அவர்களிடம் கேட்டு நிரப்பத் தொடங்க வேண்டும்.